கிரைண்டர் மீண்டும் ஓடத் தொடங்கும் நொடி

வாசகர் கேள்வி: நான் திருநெல்வேலியில் காட்சித் தொடர்பியல் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இறுதிப் பருவத் திட்டப்பணிக்காக நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு திகில் படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும் கைப்பேசியில் எடுத்திருக்கிறோம். நீளம் 3 நிமிடம் 10 நொடி. அதனுடன் நாங்களே எழுதிய மதிப்பீட்டு அறிக்கையையும் சமர்ப்பிக்க வேண்டும். ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு, வகைமை மரபுகள், பார்வையாளர் என்று தலைப்பிட்டு 14 பக்கம் எழுதிவிட்டேன். ஆனால் படித்துப் பார்த்தால் எதையும் சொன்னதாகத் தோன்றவில்லை. வகுப்பில் திரையிட்டபோது பேய் வரும் இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பேராசிரியர், "நன்றாக இருக்கிறது, ஆனால் நிறையச் சொல்லிவிட்டீர்கள்" என்று மட்டும் சொன்னார். நாங்கள் எடுத்ததை நாங்களே எப்படி மதிப்பிடுவது? படத்தையும் அறிக்கையையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் படத்தை ஆறு முறை பார்த்தேன். இரண்டு முறை வழக்கம்போல, ஒரு முறை ஒலியை முற்றிலும் அணைத்துவிட்டு, ஒரு முறை திரையைத் திருப்பி வைத்துவிட்டுக் காதால் மட்டும், மீதி இரண்டு முறை கையில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு. பிறகு அறிக்கையை வாசித்தேன். 14 பக்கமும் உழைத்து எழுதப்பட்டவை என்பது தெரிகிறது. ஆயினும் எதையும் சொன்னதாகத் தோன்றவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது சரிதான், அந்த உணர்வை நம்புங்கள். அறிக்கையில் இருப்பது நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற பட்டியல். செய்தது பார்ப்பவருக்குள் என்ன ஆயிற்று என்பது அதில் எங்கும் இல்லை. "இரவின் அச்சத்தைக் காட்ட நீல நிறம் பயன்படுத்தப்பட்டது" என்பது செய்தி. அந்த நீலத்தில் பெண்ணின் முகம் தெரிந்ததா, தெரியாமல் போனதால் அச்சம் கூடியதா, அல்லது யார் நிற்கிறார் என்பதே புரியாமல் கவனம் சிதறியதா என்று எழுதும்போதுதான் அது மதிப்பீடாகிறது.

வாசகர்களுக்காகப் படத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் 38 நொடிகளுக்குக் கருப்புத் திரையில் இரத்தம் வழியும் சிவப்பு எழுத்துகளில் நன்றி அட்டைகள். பிறகு மாலை நேரத்தில் ஒரு வீட்டின் முகப்பு. உள்ளே சமையலறையில் கிரைண்டரில் மாவு அரைபட்டுக்கொண்டிருக்கிறது. துக்க வீட்டுக்குக் கிளம்பும் தாய், "அரை மணி நேரத்தில் அணைத்துவிடு" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போகிறார். மகள் கைப்பேசியில் ஆழ்ந்திருக்கிறாள். கொல்லைப்புறச் சன்னல் வழியாக யாரோ அவளைப் பார்ப்பதுபோல ஒரு காட்சி வருகிறது. 1:14-ல் மின்சாரம் போகிறது, கிரைண்டர் நிற்கிறது. கைப்பேசி வெளிச்சத்தில் அவள் கூடத்தில் மெழுகுவத்தி தேடுகிறாள். 1:52-ல், இருட்டிலேயே, கிரைண்டர் மீண்டும் ஓடத் தொடங்குகிறது. அதற்குப் பின் முரசு இசை, ஓட்டம், 2:31-ல் வெள்ளைப் புடவை உருவம், அலறல், இருள். கடைசி அரை நிமிடம், 20 ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டில் இறந்துபோன ஒரு பெண்ணின் கதையைப் பின்னணிக் குரல் சொல்கிறது. இறுதியில் படத்தின் பெயர்.

இதில் 1:52 என்னும் அந்த நொடியைக் கண்டுபிடித்ததற்காக உங்கள் ஐவரையும் மனதாரப் பாராட்டுகிறேன். 26 ஆண்டுகளாகப் படத்தொகுப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். பேய்ப் படம் என்றதும் கதவு கிறீச்சிடுவதும், நாய் ஊளையிடுவதும், காற்றில் திரைச்சீலை ஆடுவதும்தான் என் மேசைக்கு வரும். மின்சாரமில்லாத வீட்டில் கிரைண்டர் ஓடுவது இதுவரை வந்ததில்லை. அது நம் வீட்டுச் சமையலறையிலிருந்து மட்டுமே பிறக்கக்கூடிய பயம். கிரைண்டரின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் அம்மா வீட்டில் இருக்கிறார் என்று நாம் எல்லோரும் சிறு வயதிலிருந்தே பழகியிருக்கிறோம். அந்தச் சத்தம் இருட்டிலிருந்து வரும்போது, வீட்டில் இருக்கக்கூடாத யாரோ அம்மாவின் வேலையைச் செய்கிறார் என்றாகிவிடுகிறது. உங்கள் 14 பக்கத்தில் இதைப் பற்றி ஒன்றரை வரிதான் இருக்கிறது. வெள்ளைப் புடவைக்கு இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள்.

ஒரு திகில் படத்தின் தொடக்கத்தை மதிப்பிட நான் ஒரே ஓர் அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன். இந்த நொடியில் பார்ப்பவருக்கு என்ன தெரியும், அவர் எதைத் தெரிந்துகொள்ளத் தவிக்கிறார் என்பதே அது. ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் தெரிந்ததையும் வலப்பக்கம் தெரியாததையும் பத்துப் பத்து நொடியாக எழுதிக்கொண்டு போனால், தொடக்கம் எங்கே உயிரோடு இருக்கிறது, எங்கே செத்துப்போகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். திகில் படங்களுக்குப் பெயர்பெற்ற இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோவுடன் நடத்திய புகழ்பெற்ற உரையாடலில் சொன்ன மேசைக்கடியில் வெடிகுண்டு என்னும் விளக்கத்தை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது குண்டு திடீரென வெடித்தால் பார்வையாளருக்கு 15 நொடி அதிர்ச்சி. குண்டு அங்கே இருப்பது முன்பே அவருக்குத் தெரிந்திருந்தால், அதே பேச்சு 15 நிமிடத் தவிப்பாகிறது. உங்கள் அறிக்கையிலும் இந்த விளக்கம் இருக்கிறது, ஆனால் கோட்பாட்டுப் பகுதியில் தனியாக நிற்கிறது. அதை எடுத்து உங்கள் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். அந்த வீட்டின் குண்டு எது? அது மேசைக்கடியில் இருக்கிறது என்று பார்ப்பவருக்கு எப்போது சொன்னீர்கள்?

அந்தக் குண்டு, கிரைண்டர்தான். முதல் சமையலறைக் காட்சியிலேயே அதைக் காட்டி, தாயின் வாயால் அதன்மேல் கவனத்தையும் ஈர்த்திருக்கிறீர்கள், மிகச் சரி. ஆனால் அது வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்கவில்லை. என் கருத்தாக இதைச் சொல்லவில்லை, சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். உங்களையோ உங்கள் நடிகையையோ அறியாத மூவருக்கு, அதாவது அலுவலகத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவருக்கும், என் உதவியாளரின் தாயாருக்கும், பயிற்சிக்கு வந்திருக்கும் ஓர் இளைஞருக்கும் தனித்தனியே படத்தைப் போட்டுக்காட்டினேன். 1:58-ல் நிறுத்திவிட்டு, "இப்போது என்ன நடக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். மூவரில் இருவர் சொன்ன பதில், "கரண்ட் வந்துவிட்டது."

அவர்கள் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. சுவிட்சை அணைக்காமல் விட்ட கிரைண்டர், மின்சாரம் திரும்பியதும் தானாக ஓடத்தான் செய்யும், அது எல்லா வீட்டிலும் நடப்பது. ஆகவே கிரைண்டர் ஓடும் அந்த நொடியில் மின்சாரம் இன்னும் வரவில்லை என்பது பார்ப்பவருக்கு ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் படத்தில் அது தெரிய வழியில்லை. கூடத்தின் விளக்கு, மின்சாரம் போவதற்கு முன்பே எரியவில்லை, அவள் கைப்பேசியின் ஒளியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். மின்விசிறி எந்தக் காட்சியிலும் இல்லை. போதாக்குறைக்கு 1:22-ல், அவள் தோளுக்குப் பின்னால், அலமாரிமேல் இணைய மோடத்தின் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருக்கிறது. மருந்துக்கடைக்காரர் அதைக் கவனித்து, "இன்வெர்ட்டர் வைத்த வீடா?" என்று கேட்டார். ஒரு மிளகளவு வெளிச்சம், உங்கள் படத்தின் மிகப் பெரிய நொடியைத் தின்றுவிட்டது.

திருத்துவது எளிது. மின்சாரம் போவதற்கு முன்னால் கூடத்தில் குழல்விளக்கு எரியட்டும், மின்விசிறி சுழலட்டும். போனதும் விசிறி மெல்ல வேகமிழந்து நிற்பதை முழுதாக, வெட்டாமல் காட்டுங்கள். சன்னல் வழியே எதிர்வீடும் இருண்டிருப்பது ஒரு கணம் தெரியட்டும். மோடத்தின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுங்கள். பிறகு 1:52-ல் கிரைண்டர் சத்தம் கேட்கும்போது, கேமரா அவள் முகத்தில் இருக்கட்டும், அவள் பார்வை மேலே போகட்டும், நின்றுபோயிருக்கும் விசிறி தெரியட்டும். அசையாத விசிறியும் ஓடுகிற கிரைண்டரும் ஒரே நொடியில் சேர்ந்தால் விளக்கமே தேவையில்லை. இந்த வீட்டில் எது நடக்கும், எது நடக்காது என்ற விதியை முதலில் பார்ப்பவர் மனதில் உறுதியாக ஊன்றிவிட வேண்டும். அந்த விதி உடையும் ஓசைதான் பயம். விதியை ஊன்றாமல் உடைத்தால் உடைந்தது யாருக்கும் தெரியாது. அறிக்கையில் படத்தொகுப்பு என்ற தலைப்பின்கீழ் நீங்கள் எழுத வேண்டிய மிக முக்கியமான பத்தி இதுவே என்று நினைக்கிறேன்.

இனி ஒலி. திரையைத் திருப்பி வைத்துக் கேட்டபோது 1:14-ல் என் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதோ என்று எழுந்து பார்த்தேன். மின்சாரம் போனதும் அமைதி என்று காட்ட, படத்தொகுப்பு மென்பொருளின் டைம்லைனில் ஒலித்தடத்தையே முழுதாக வெட்டி எடுத்திருக்கிறீர்கள். முழுச் சூனியம் என்பது நாம் வாழும் உலகில் இல்லாத ஒன்று. காது அதை அமைதியாக ஏற்பதில்லை, கருவிக் கோளாறாகவே எடுத்துக்கொள்கிறது. உண்மையில் ஒரு தெருவில் மின்சாரம் போனால் என்ன கேட்கிறது என்று நினைத்துப் பாருங்கள். விசிறி, குளிர்ப்பெட்டி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எல்லாம் ஒரே வெட்டில் அடங்குகின்றன. தெருக் குழந்தைகள் ஒருமித்துக் கூச்சலிடுகிறார்கள். யாரோ யாரிடமோ மெழுகுவத்தி கேட்கிறார்கள். அதெல்லாம் ஓய்ந்த பிறகு, அதுவரை இருந்தும் கேட்காத பூச்சிச் சத்தம் மேலெழுகிறது. இந்தப் படிகளை வரிசையாக வைத்தால், 38 நொடி இருட்டும் தன் பாட்டில் இறுகிக்கொண்டே போகும். படம் எடுத்த அதே அறையில், யாரும் அசையாமல் பேசாமல் நின்று ஒரு நிமிடம் வெறும் அறையின் ஒலியைப் பதிவு செய்து வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் பாலபாடம். அந்த ஒரு நிமிடத்தை நீங்கள் பதிவு செய்யவில்லை என்பது எல்லா வெட்டுகளிலும் தெரிகிறது. ஒவ்வொரு ஷாட் மாறும்போதும் பின்னணியின் இரைச்சல் மாறுகிறது.

ஷாட்களையும் எண்ணினேன். தலைப்பு அட்டைகளை நீக்கினால் மொத்தம் 44. அட்டைகளுக்குப் பின் மின்சாரம் போகும்வரை 36 நொடிகளில் 12 ஷாட்கள், ஒவ்வொன்றும் சராசரியாக மூன்று நொடி. முரசு தொடங்கியதிலிருந்து அலறல் முடியும்வரை 42 நொடிகளில் 24 ஷாட்கள், ஒவ்வொன்றும் இரண்டு நொடிக்கும் குறைவு. "பதற்றத்தைக் கூட்ட வேகமான படத்தொகுப்பு" என்று அறிக்கை சொல்கிறது. ஆனால் என் கண் பார்த்தது வேறு. 12 ஷாட்களில் அந்த வீட்டின் அமைப்பு எனக்குப் புரிந்தது, சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே எத்தனை அடி என்பதுகூடத் தெரிந்தது. 24 ஷாட்களில் அவள் எந்தப் பக்கம் ஓடுகிறாள் என்பதே தெரியவில்லை. 2:14-ல் இடமிருந்து வலமாக ஓடியவள் 2:16-ல் வலமிருந்து இடமாக ஓடுகிறாள், திரும்பி வருகிறாளோ என்றே நினைத்தேன். துரத்தலில் திசை குழம்பினால் பதற்றம் கூடாது, கண் களைத்துப்போய்க் காத்திருக்கத் தொடங்கிவிடும். எண்ணிக்கையை அறிக்கையில் கட்டாயம் கொடுங்கள், அது நல்ல சான்று. ஆனால் எண்ணுக்கு அடுத்த வரியில், அந்த எண் பார்ப்பவரை என்ன செய்தது என்று எழுதுங்கள்.

வகுப்பில் சிரித்ததற்கு வருகிறேன். அது உங்களைப் புண்படுத்தியிருக்கும் என்று புரிகிறது. முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் வகுப்புத் தோழர்களைப் பார்வையாளர்களாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. வெள்ளைப் புடவையில் நிற்பது யார் என்று அவர்களுக்குத் தெரியும், அவரோடுதான் மதியம் சாப்பிட்டிருப்பார்கள். ஆனால் சிரிப்புக்கு அது மட்டுமே காரணம் என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளாதீர்கள். என் மூவரில் யாரும் சிரிக்கவில்லை, ஆனால் யாரும் திடுக்கிடவும் இல்லை. காரணம், உருவம் வருவதற்கு ஆறு நொடிக்கு முன்பே இசை அதை அறிவித்துவிடுகிறது. உடல் திடுக்கிட வேண்டுமானால் அதற்கு முன் காது தளர்ந்திருக்க வேண்டும். 33 நொடியாக உச்சத்தில் முழங்கும் முரசுக்கு நடுவே வரும் அலறல், இன்னொரு முரசொலி மட்டுமே. தவிர, அதுவரை படம் எழுப்பிய கேள்வி, கிரைண்டரை ஓட்டுவது யார் என்பது. அதற்கு விடையாக எல்லோரும் பல முறை பார்த்துவிட்ட ஓர் உருவத்தை நிறுத்தியதும், கேள்வி அந்த இடத்திலேயே சிறுத்துவிடுகிறது. உங்கள் தோழர்களின் சிரிப்பில் ஓர் ஏமாற்றமும் கலந்திருந்தது என்றே நான் கருதுகிறேன். அவர்கள் அதைவிடப் பெரிதாக எதையோ எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த எதிர்பார்ப்பை உண்டாக்கியவர்கள் நீங்கள்தான்.

காட்டாமல் விடுவதற்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு, 1931-ல் ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'எம்' படத்தின் தொடக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். பள்ளியிலிருந்து திரும்ப வேண்டிய சிறுமிக்காக ஒரு தாய் மதிய உணவு எடுத்துவைத்துக் காத்திருக்கிறாள். நேரம் ஆகிறது. தாய் மகளின் பெயரைக் கூப்பிடுகிறாள். அந்தக் குரலின்மேல் ஆளில்லாத படிக்கட்டு, துணி உலர்த்தும் வெறுமையான பரண், மேசையில் தொடப்படாத தட்டு ஆகியவை வருகின்றன. பிறகு புதரிலிருந்து உருண்டு வந்து நிற்கும் பந்து, தொலைபேசிக் கம்பியில் சிக்கிப் பறந்துபோகும் பலூன். கொலையைப் பற்றி ஒரு ஃபிரேம்கூட இல்லை. அந்தத் தட்டும் உங்கள் கிரைண்டரும் ஒரே இனம். இரண்டும் சமையலறைப் பொருள்கள், இரண்டும் வீட்டில் இருக்க வேண்டியவர் இல்லை என்பதைச் சொல்பவை. லாங் தட்டை நம்பினார். நீங்கள் கிரைண்டரை ஆறு நொடிக்கு மேல் நம்பவில்லை.

எல்லாத் தொடக்கமும் மறைத்துத்தான் ஆக வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 1954-ல் எஸ். பாலச்சந்தர் இயக்கத்தில் ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' துப்பாக்கி ஒலியோடு தொடங்கி, சிவாஜி கணேசன் ஏற்ற நாயகப் பாத்திரம் சுடப்பட்டு விழுவதை எடுத்த எடுப்பிலேயே காட்டிவிடுகிறது. பாட்டே இல்லாத அந்தப் படம், சுட்டது யார் என்ற ஒரே கேள்வியின் பலத்தில் கடைசிவரை நடக்கிறது. பிணத்தைக் காட்டுவதா மறைப்பதா என்பது இயக்குநரின் விருப்பம். எதைச் சொன்னாலும், சொன்னதைவிடப் பெரிய ஒரு கேள்வி மீதமிருக்கிறதா என்பதுதான் மதிப்பிடுபவர் பார்க்க வேண்டியது. உங்கள் பேராசிரியர் சொன்ன "நிறையச் சொல்லிவிட்டீர்கள்" என்பதன் பொருளும் இதுதான் என்று நினைக்கிறேன். கடைசி அரை நிமிடப் பின்னணிக் குரலைக் கேட்டபின் என் தாளின் வலப்பக்கத்தில் எழுத ஒன்றுமில்லை. இறந்தவர் யார், எப்படி இறந்தார், ஏன் வருகிறார் என்று மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டது. முழுப் படத்தைப் பார்க்க இனி எனக்குக் காரணம் இல்லை.

கொல்லைப்புறச் சன்னல் வழியாக வரும் பார்வைக் காட்சியையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். 7 நொடி, கைநடுக்கத்தோடு, மூச்சொலியோடு. நல்ல ஷாட் அது. ஆனால் அது யாருடைய கண் என்ற கேள்வியை எழுப்பிவிட்டுப் பிறகு படம் அதை மறந்துவிடுகிறது. வெள்ளைப் புடவை உருவம் வீட்டுக்குள்ளேயே இருந்து வருகிறது என்றால், வெளியே நின்று மூச்சுவிட்டது யார்? 1978-ல் வெளிவந்த ஜான் கார்ப்பெண்டரின் 'ஹாலோவீன்' முழுத் தொடக்கத்தையும் இப்படி ஒருவருடைய கண்ணாகவே வைத்துக்கொண்டு, கடைசியில் முகமூடி கழற்றப்படும்போது அந்தக் கண் ஆறு வயதுச் சிறுவனுடையது என்று காட்டியது. கடன் வாங்கிய கேள்வியை அங்கே வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்கள். நீங்கள் கொடுக்கப்போவதில்லை என்றால் அந்த ஷாட்டை எடுத்துவிடுங்கள். மனம் வராது என்று தெரியும், அதுதான் உங்கள் படத்தில் மிகவும் பாடுபட்டு எடுத்த ஷாட் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். பட்ட பாடு திரையில் தெரியாது.

தலைப்பு அட்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நன்றிகள் எல்லாம் இறுதிக்குப் போகட்டும். பெயர்களைத் தொடக்கத்தில் போட்டே தீர வேண்டும் என்றால், கிரைண்டர் ஓடும் ஒலியின்மேல் சிறிய வெள்ளை எழுத்தில் போடுங்கள். அந்த ஒலி அப்போதே காதில் பதிந்துவிடும்.

இப்போது சற்றுக் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டு முகப்புக் காட்சியில் குழல்விளக்கின் வெளிச்சத்தில் கருமையான பட்டைகள் மேலும் கீழும் நகர்கின்றன. "அமானுஷ்யச் சூழலை உணர்த்த விளக்கின் துடிப்பு பயன்படுத்தப்பட்டது" என்று அறிக்கை கூறுகிறது. நீங்கள் அதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பட்டைகள் எப்படி வருகின்றன என்பது ஒவ்வொரு எடிட்டருக்கும் தெரியும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய சோக் வைத்த குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கைப்பேசி தானாக ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியை வாங்கும் நேரத்தை, 1/60 நொடி என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒத்துப்போகாமல் பட்டைகள் விழும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று நீங்களே நிலைப்படுத்தியிருந்தால் வந்திருக்காது. அதேபோல, இருட்டில் கைப்பேசி விளக்கு கேமராவை நோக்கித் திரும்பும் ஒவ்வொரு முறையும் படம் முழுவதும் சட்டென்று மங்கிப் பிறகு வெளுக்கிறது. ஒளியளவைப் பூட்டிவைக்காததால் வந்த குறை அது.

இந்தத் தவறுகளால் உங்களுக்கு இழப்பு ஒன்றுமில்லை. நான் முதல் ஐந்து ஆண்டுகளில் செய்த தவறுகளோடு ஒப்பிட்டால் இவை சிறியவை. ஆனால் ஒரு குறையை நோக்கம் என்று பெயர் மாற்றி எழுதினால் அறிக்கை முழுவதும் நம்பகம் இழக்கிறது. அதைவிட, அடுத்த படத்திலும் அதே பட்டைகள் வரும். "இது தற்செயலாக நேர்ந்தது, காரணம் இது, அடுத்த முறை இப்படித் தவிர்ப்போம்" என்று மூன்று வரி எழுதுங்கள். மதிப்பெண் இடும் இடத்தில் நான் இருந்தால், அந்த மூன்று வரிக்கு வகைமை மரபுகள் பற்றிய நான்கு பக்கத்தைவிட அதிகம் தருவேன்.

அறிக்கையை எப்படித் திருத்தி எழுதுவது என்று கேட்பீர்கள். தலைப்புகளை மாற்ற வேண்டியதில்லை, கல்லூரி கேட்பது அவைதான் என்றால் அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு தலைப்பின்கீழும் எல்லாவற்றையும் சொல்ல முயலாமல் ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஏன் எடுத்தீர்கள், எந்த நொடியில் அது திரையில் இருக்கிறது, அறிமுகமில்லாத பார்வையாளர் அந்த நொடியில் என்ன செய்தார் அல்லது என்ன சொன்னார், வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்று தொடர்ச்சியாக எழுதுங்கள். பார்வையாளரைச் சோதிக்கும்போது "பயமாக இருந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள், உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நடுவில் நிறுத்தி, இப்போது என்ன நடக்கிறது, அடுத்து என்ன ஆகும் என்று கேளுங்கள். கேட்பதைவிடவும் கவனிப்பது நல்லது. என் உதவியாளரின் தாயார் 1:40 அளவில் சேலைத் தலைப்பை விரலில் சுற்றத் தொடங்கினார். முரசு தொடங்கியதும் விரலை விடுவித்துக்கொண்டார். உங்கள் படத்தைப் பற்றி நான் பெற்ற மிகத் தெளிவான விமர்சனம் அதுதான்.

சமர்ப்பிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாலை போதும், கூடத்துக் காட்சிகளை மட்டும் திரும்ப எடுத்துவிடுங்கள். 1:58-க்குப் பின் இருப்பதை எல்லாம் நீக்கி, அவள் சமையலறை வாசலை நோக்கி இரண்டடி எடுத்து வைப்பதோடு படத்தின் பெயரைப் போட்டுவிடலாம். வேண்டுமானால் வாசலைத் தாண்டாமல் உள்ளே இருட்டைக் காட்டுங்கள், கிரைண்டரைக் காட்ட வேண்டாம். மொத்தம் ஒன்றரை நிமிடத்துக்குள் வந்துவிடும். நீளம் குறைந்துவிட்டதே என்று பேராசிரியர் கேட்டால், அதற்கான பதில் அறிக்கையில் இருக்க வேண்டும்.

கிரைண்டர் ஒலியையும் புதிதாகப் பதிவு செய்யுங்கள். இப்போது இருப்பது வெறும் கிரைண்டரை ஓடவிட்டு எடுத்தது, கல்லோடு கல் உரசும் சத்தம் அதில் காட்டிக்கொடுக்கிறது. ஊறவைத்த அரிசியைப் போட்டுத் தொடக்கத்திலிருந்து மாவு எடுக்கும்வரை முழுதாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். முதலில் அரிசி நறநறவென்று நொறுங்கும் சத்தம் வரும், நேரம் ஆக ஆக அது அடங்கி, மாவு வழுவழுப்பாகி, குழவிகள் கனமாகப் புரளும் ஓசை மட்டும் மிஞ்சும். தாய் கிளம்பும் காட்சிக்கு அந்த முதல் சத்தத்தை வையுங்கள். 1:52-ல் கடைசிச் சத்தத்தை வையுங்கள். இடையில் மின்சாரம் இல்லாத 38 நொடிதான் கழிந்திருக்கிறது, ஆனால் மாவு அரைபட்டு முடிந்திருக்கிறது. மாவு அரைத்துப் பழகிய காது அதைப் பிடித்துவிடும்.